பிரதம அதிதி வரும்வரை

மதுரனுக்கும் தனுஷியாவுக்கும் கலியாணம் முடிந்து மூன்று மாதமும் பதினொரு நாளும் ஆகியிருந்தன. அதில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. தனுஷியாவுக்கு மட்டக்களப்பு நகரத்தில் வாவிக்கரைச் சமுதாயக் கல்லூரியில் சமையற்கலை படிக்க இடம் கிடைத்துவிட்டது. நடந்த பிசகு அவ்வளவுதான்.

அவள் வாகரையில் தாய் வீட்டிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்துபோனாள். பஸ் ஒழுங்காக ஓடினால் எட்டு மணிக்குக் கல்லூரி வாசலில் இறங்கலாம். வழியில் வாழைச்சேனையில் சாரதிக்குத் தேத்தண்ணி விடாய் வந்தால் எட்டரையாகிவிடும். கல்லூரியில் கையெழுத்து வைக்கிற வரவு இடாப்போ எட்டேகாலுக்கு மூடப்படும். மூடிய இடாப்பைத் திறக்க அதிபருக்கே அதிகாரமில்லை என்றார்கள். அதிபரும் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார். எண்பது வீத வரவு இல்லாதவர்கள் இறுதிப் பரீட்சை எழுத முடியாது. தனுஷியாவின் வரவு எண்பத்தொரு வீதத்தில் வந்து நின்றது. அவளுடைய எதிர்காலம் இப்போது யாரோ ஒரு சாரதியின் தொண்டையில் இருந்தது.

இந்தப் பஸ்ஸை நம்ப முடியாது என்றுதான் மதுரன் கலியாணம் முடிந்த கையோடு, வாகரையில் படகு எஞ்சின் திருத்தும் வேலையை விட்டுவிட்டு, ஒரு வேலையும் இருவருக்குமாக ஒரு அறையும் தேடி நகரத்துக்கு வந்திருந்தான். கல்லடியில் கூட்டாளி ஒருவனின் எஞ்சின் திருத்துமிடத்தில், இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே பாய் போட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாகரைக்குப் போய்வந்தான்.

தனியாகப் படிக்கிற பெண்பிள்ளைக்கு அறை இருந்தது. தனியாகப் படிக்கிற பெடியனுக்கும் இருந்தது. புருசன் பெண்சாதியாகப் போய் நின்றால்தான் வீட்டுக்காரர்கள் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றார்கள். கல்லூரிக்குப் பின்வீதியில் சீதேவிப்பிள்ளை என்ற அம்மா மேல்மாடி கட்டி, டைல்ஸ் பதித்து, திரைச்சீலையும் தொங்கவிட்டு, பூட்டி வைத்திருந்தார்.

“வடிவான சோடிதான்,” என்றார் இருவரையும் மேலும் கீழும் பார்த்து. “ஆனா மேல்வீடு மகளுக்குச் சீதனத்துக்குக் கட்டினது மனே. அவ மாப்பிளையோட குடிபோக முதல் வேற சோடி அதுக்குள்ள குடும்பம் நடத்துறதா? இது என்ன கத?”

“மகளுக்கு எப்ப அம்மா கலியாணம்?” என்று கேட்டான் மதுரன்.

“அவளுக்கு இப்பதானே பதினொரு வயசு.”

தனுஷியா சிரிப்பை அடக்கத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சீதேவிப்பிள்ளை அவளை விடவில்லை.

“என்ன புள்ள சிரிப்பு? மாப்பிள பொஞ்சாதிட வீட்டுல போய் இரிக்கிறதுதான் நம்மட முறை. நீ அவரக் கூட்டிக்கொண்டு றோட்டு றோட்டாத் திரியிறாய்.”

இப்படியாக ஒன்பது வீடு ஏறி இறங்கிய பிறகுதான், கல்லூரிக்குள்ளேயே ‘தொழில் மற்றும் வதிவிட வழிகாட்டற் பிரிவு’ என்று ஒன்று இருப்பது மதுரனின் கண்ணில் பட்டது. நான்கு வருடமாக இருந்ததாம். வாசலில், ‘உங்கள் வேலை, உங்கள் வீடு, எங்கள் கனவு’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே கனவு கண்டுகொண்டிருந்தவர் பணிப்பாளர் நல்லரத்தினம். அவருக்கு எதிரே கணினியில் தட்டிக்கொண்டிருந்தவள் எழுதுவினைஞர் இமெல்டா.

“சேர், எனக்கு ஒரு வேலை வேணும். எனக்கும் மனுசிக்கும் ஒரு அறையும் வேணும்.”

நல்லரத்தினத்தின் முகம் மலர்ந்தது. “இருங்க தம்பி. எங்கட பெயர்ப்பலகைய ஒழுங்கா வாசிச்சிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான். மத்த ஆக்கள் வந்து போட்டோக்கொப்பி எடுக்கலாமா எண்டுதான் கேக்கிற.”

“இது வரைக்கும் எத்தின பேருக்கு வேலை எடுத்துக் குடுத்திருக்கிறீங்க சேர்?”

“எண்ணிக்கையில நாங்க நம்பிக்கை வைக்கிறதில்ல,” என்றார் நல்லரத்தினம்.

“சைபர்,” என்றாள் இமெல்டா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தச் சைபரை அன்றைக்கே மதுரன் ஒன்றாக்கினான். அவனுக்குக் கிடைத்த பதவியின் பெயர், ‘திறப்புவிழாவுக்கு முந்திய பராமரிப்பு உதவியாளர்’.

பராமரிக்க வேண்டியது கல்லூரியின் புதிய விடுதியை. வாவியைப் பார்த்தபடி எட்டு அறைகளோடு இரண்டு வருடத்துக்கு முன்னரே கட்டி முடித்திருந்தார்கள். கட்டில், மெத்தை, மின்விசிறி, தண்ணீர், எல்லாம் இருந்தன. குடியிருக்க ஆள் மட்டும் இல்லை. ஏனென்றால் விடுதி இன்னும் ‘திறக்கப்படவில்லை’. முன்வாசலுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது. பிரதம அதிதி வந்து அதை வெட்டும்வரை ஒரு சனமும் அந்த வாசலால் போகக்கூடாது.

“அப்ப நான் எப்பிடி உள்ளுக்குப் போய்த் துடைக்கிற சேர்?”

“பின்பக்கத்து யன்னலால.”

“யன்னலால போனாலும் உள்ளுக்குப் போறதுதானே?”

நல்லரத்தினம் பொறுமையாக விளக்கினார். “தம்பி, வாசலால போனாத்தான் அது பிரவேசம். யன்னலால போனா அது பராமரிப்பு.”

மதுரன் தினமும் யன்னலால் பராமரித்தான். குழாய்கள் துருப்பிடிக்காமல் இருக்கத் திங்கட்கிழமைகளில் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், ஆனால் குடிக்கக்கூடாது. மின்விசிறிகளைச் செவ்வாய்க்கிழமைகளில் கால் மணித்தியாலம் ஓடவிட வேண்டும். ஆனால் கீழே நின்று காற்று வாங்கக்கூடாது. மெத்தைகளின் பொலித்தீன் உறையை வெளியே மட்டும் துடைக்க வேண்டும். இவை எல்லாம் எழுத்தில் தரப்பட்டிருந்தன.

எட்டு அறைகளில் ஏழாம் இலக்கம்தான் அவனைப் படுத்தியது. கதவில், ‘திருமணமான மாணவர்களுக்கு’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு சிறிய அடுப்படி. அடுப்படி யன்னலைத் திறந்தால் வாவி. அவன் மற்ற அறைகளை ஒரு தரம் துடைத்தால் ஏழாம் அறையை மூன்று தரம் துடைத்தான்.

மதியத்தில் தனுஷியாவுக்கு நாற்பது நிமிடம் இடைவேளை. செய்முறை வகுப்பில் மிஞ்சியதை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு வாவிக்கரைக்கு வருவாள். கலியாணம் முடித்தும், களவாகச் சந்திக்கிற காதலர்கள் மாதிரி இருவரும் ஒரு மரத்தின் கீழ் இருந்து சாப்பிடுவார்கள். ஒரு நாள் அவன் யன்னலுக்கு வெளியே நின்று அவளுக்கு ஏழாம் அறையைக் காட்டினான்.

“எட்டு நடைதான் நீளம்,” என்றான். “ஆனா காத்து நல்லா வரும் தனு.”

அவள் யன்னல் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். அடுப்பு எங்கே, மாச்சட்டி எங்கே, மிளகாய்த்தூள் போத்தல் எங்கே என்று அவளுடைய கண் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனது. பிறகு, “இந்தக் கிழமையும் ரெண்டு நாள் பிந்திட்டன்,” என்றாள். “எண்பது புள்ளி மூண்டு. இமெல்டா மிஸ் பாத்துச் சொன்னா.”

மதுரன் நேரே நல்லரத்தினத்திடம் போனான். திறப்புவிழா வரும்வரை தற்காலிகமாக ஏழாம் அறையைத் தரமுடியுமா என்று கேட்டான். ஒரு சின்னக் கீறலும் விழாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

நல்லரத்தினம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கோபிக்கவில்லை. வருத்தப்பட்டார்.

“தம்பி, நல்லா விளங்கிக்கொள்ளுங்க. கட்டடத்தக் கட்டுறது ஒப்பந்தக்காரன். இரிக்கிறது மாணவர்கள். ரெண்டுக்கும் நடுவுல நாங்க செய்யிறது ஒண்டே ஒண்டுதான், திறக்கிறது. நீங்க முதலே போய் இருந்திட்டீங்களெண்டா நாங்க என்னத்தத் திறக்கிற? ஆக்கள் இரிக்கிற வீட்ட யாராவது திறப்பாங்களா?”

“சனத்துக்குத்தானே சேர் கட்டினது?”

“சனத்துக்குத்தான். ஆனா சனம் எப்பவும் இரிக்கும். அதிதி எப்பவும் வரமாட்டார்.”

அதுவரை ஐந்து முறை நாள் குறித்திருந்தார்கள். முதல் முறை அதிதிக்குத் தடிமனும் தும்மலும். இரண்டாம் முறை வெள்ளம் வந்து, அதிதி படகில் வரச் சம்மதிக்கவில்லை. மூன்றாம் முறை எல்லாம் ஆயத்தமாக இருந்தபோது தேர்தல் அறிவித்து, திறப்புவிழாக்களுக்குத் தடை வந்தது. நான்காம் முறை தேர்தல் முடிந்து அதிதியே மாறிவிட்டார். ஐந்தாம் முறை புதிய அதிதி, தன் பெயர் கல்லில் சின்னதாக இருக்கிறது என்றார். ஒவ்வொரு முறையும் பெயர் பொறித்த கருங்கல் புதிதாக வந்தது. பழைய கற்கள் ஐந்தும் விடுதிக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. முதலாவது அதிதியின் மேல் ஏறி நின்றுதான் மதுரன் யன்னலுக்குள் தாவினான்.

ஆறாம் முறை நாள் குறித்தபோது அதிதியின் காரியாலயத்திலிருந்து ஒரு நிபந்தனையும் வந்தது. வெறும் கட்டடத்தைத் திறந்ததாகப் பத்திரிகைகள் கேலி செய்கின்றனவாம். ஆகவே திறக்கும்போது உள்ளே பயனாளிகள் சந்தோசமாக வசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நல்லரத்தினம் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. “திறக்க முதல் ஆக்கள் இருக்கப்படாது. திறக்கக்குள்ள ஆக்கள் இருந்திருக்கோணும்,” என்று அறைக்குள் நடந்தார். கடைசியில் இமெல்டாதான் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியைச் சேர்க்கலாம் என்றாள். நிகழ்ச்சி நிரலில் வந்துவிட்டால் அது வசிப்பதல்ல, நிகழ்ச்சி. நல்லரத்தினம் அவளை நன்றியோடு பார்த்தார். அவரே சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்:

‘11. பயனாளிகள் தமது அறையில் வசித்தவண்ணம் பிரதம அதிதியின் வருகைக்காகக் காத்திருத்தல்.
12. பிரதம அதிதி நாடாவை வெட்டி விடுதியைத் திறந்துவைத்தல்.’

அதிதி பார்க்கப்போவது ஒரு அறையைத்தான் என்பதால் பயனாளிகளும் ஒரு சோடி போதும். மதுரனும் தனுஷியாவும் தெரிவானார்கள். சட்டி பானை, கலண்டர், கொடியில் இரண்டு உடுப்பு, வாசலில் இரண்டு சோடிச் செருப்பு, எல்லாம் நல்லரத்தினத்தின் பட்டியலின்படி யன்னலால் உள்ளே போயின. பிறகு பயனாளிகளும் போனார்கள்.

அன்றைக்குப் பேண்ட் வாத்தியம் அடித்தது. குத்துவிளக்கில் ஐந்து திரிக்கு ஏழு பேர் பெயர் கொடுத்திருந்ததால் இரண்டு பேர் ஏற்கனவே எரிந்த திரிகளை மறுபடியும் ஏற்றினார்கள். ஐயரும் பாதரும் மௌலவியும் ஆசி வழங்கினார்கள். நல்லரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இந்த விடுதி மாணவர்களுக்குச் சொந்தமானது. ஆகவேதான் ஒரு மாணவனின் காலடிகூடப் படாமல் இதை இரண்டு வருடமாகக் காத்து வந்தோம்,” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பத்து நிகழ்ச்சிகளும் முடிந்தன. பதினோராவது தொடங்கியது. ஏழாம் அறையில் தனுஷியா அடுப்பில் இறால் கறியை வைத்துவிட்டு, வசிப்பதுபோல் நின்றாள். மதுரன் பத்திரிகையை விரித்து, வசிப்பதுபோல் வாசித்தான்.

பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி வந்தது. வருகிற வழியில் யாரோ அதிதியை ஒரு கிணற்றைத் திறக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அங்கிருந்து அவர் கொழும்புக்குத் திரும்பிவிட்டார்.

வாத்தியக்காரர்கள் போனார்கள். சோற்றுப் பார்சல்களோடு விருந்தினரும் போனார்கள். பின்னேரம் நாலரைக்கு மதுரன் யன்னலால் தலையை நீட்டினான். கீழே நல்லரத்தினமும் இமெல்டாவும் கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“சேர், இவக்கு வாகரை பஸ் இரிக்கு. நாங்க வெளிய வரலாமா?”

“வாறதா?” என்று திடுக்கிட்டார் நல்லரத்தினம். “பதினோராவது இன்னும் முடியல்லையே.”

“நிகழ்ச்சி ரத்துத்தானே சேர்?”

“ஆர் சொன்ன ரத்து எண்டு? ரத்து எண்டு எழுதினா ஏன் ரத்து எண்டு மேல கேப்பாங்க. விசாரணை வரும். சுணக்கம் எண்டு எழுதினா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இமெல்டா, எழுதுங்க. நிகழ்ச்சி தொடர்கிறது. பிரதம அதிதி சற்றுச் சுணங்குகிறார்.”

“அப்ப இவங்க சேர்?” என்று கேட்டாள் இமெல்டா.

“காத்திருக்கட்டும். பயனாளிகள் இடையில எழும்பிப் போனா பன்னிரண்டாவது நிகழ்ச்சிய எப்பிடித் தொடங்கிற?”

“எனக்குக் காலம வகுப்பு இரிக்கே சேர்,” என்றாள் தனுஷியா, மதுரனின் தோளுக்கு மேலால்.

நல்லரத்தினம் யோசித்தார். “கல்விக்கு இடைவேளை தரலாம். பின்னேரம் வந்து காத்திருக்கோணும். தம்பியும் அப்பிடித்தான். வேலை முடிஞ்சா மத்த நேரம் முழுக்கக் காத்திருக்கிற.”

தனுஷியா முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். இரண்டு வகையான கேக், நாலு வகையான சோறு எல்லாம் படித்திருந்தாள். இது மட்டும் அவளுக்கு வரவில்லை. யன்னற்கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர்கள் காத்திருக்கத் தொடங்கினார்கள். இரண்டு கட்டில்களையும் ஒன்றாகச் சேர்த்துக் காத்திருந்தார்கள். முதற்கிழமையிலேயே, மதுரன் நித்திரையில் எஞ்சின் சாமான்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வான் என்பதை அவள் கண்டுபிடித்தாள். கறி கொதிக்கும்போது அவள் சட்டியோடு பேசுவாள் என்பதை அவன் கண்டுபிடித்தான். “சட்டியோட பேசுற அளவுக்கு என்னோட பேசுறதில்ல,” என்றான். “சட்டி பதில் சொல்லாது, அதுதான்,” என்றாள். நான்கு மாதமாகச் செய்திருக்க வேண்டிய சின்னச் சண்டைகளை எல்லாம் அவர்கள் வரிசையாகச் செய்து முடித்தார்கள்.

தனுஷியா இடாப்பில் முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தாள். வரவு எண்பத்தொன்றுக்கு ஏறி, எண்பத்திரண்டைத் தொட்டது.

நிகழ்ச்சி தொடர்ந்துகொண்டிருந்ததால் குத்துவிளக்கை அணைக்க முடியவில்லை. அதற்கு எண்ணெய் ஊற்றுவது மதுரனின் புதிய கடமையானது. தினமும் காலை ஒன்பது மணிக்கு நல்லரத்தினம் கழுத்துப்பட்டியோடு வந்து, வெறும் கதிரைகளுக்கு முன்னால் ஒலிவாங்கியைத் தட்டி, “பிரதம அதிதி இன்னும் சொற்ப நேரத்தில் நம்மிடையே வருகைதர இருக்கிறார்,” என்று அறிவித்துவிட்டுக் காரியாலயத்துக்குப் போவார். நிகழ்ச்சிக்கு இடையில் எழுந்துபோவது மரியாதை இல்லை என்பதால் அவர் விடுமுறையும் எடுக்கவில்லை. மேலிடத்துக்கு மாதாந்த அறிக்கை போனது: ‘விழா வெற்றிகரமாக நடைபெற்றுக்கொண்டிருக்கிறது.’ மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. இவ்வளவு நீண்ட விழாவை வேறெந்தப் பிரிவும் நடத்தியிருக்கவில்லை.

ஏழாவது கிழமை, புதன்கிழமை பின்னேரம், யாரோ முதலாவது அதிதியின் கல்லில் ஏறி மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மதுரன் ஓடிப்போய்ப் பார்த்தான். நல்லரத்தினம். மதுரன் மேலே இழுக்க, இமெல்டா கீழே நின்று தள்ள, பணிப்பாளர் முதன்முறையாகத் தன் விடுதிக்குள் பராமரிப்பாக வந்து விழுந்தார்.

“வெள்ளிக்கிழமை வாறாராம்,” என்றார் எழும்பிக்கொண்டே. “இந்த முறை நிச்சயம். கிணறு ஒண்டும் இல்லையாம். நிகழ்ச்சிய ஒண்டிலிருந்து திரும்பத் தொடங்கோணும். அதால நாளைக்குப் பின்னேரம் நீங்க சாமானெல்லாம் எடுத்துக்கொண்டு போயிரோணும். வெள்ளி காலம திரும்பக் கொண்டுவந்து வசிக்கலாம்.”

“திறந்தாப்பொறகு இஞ்ச இரிக்கலாம்தானே சேர்?” என்று கேட்டாள் தனுஷியா. அவளுடைய குரல் சின்னதாகிவிட்டது.

“திறந்தாப்பொறகு எப்பிடி? அதுக்குப் பொறகுதானே விண்ணப்பம் கோருவம். நேர்முகப் பரீட்சை வைப்பம். தெரிவுக்குழு கூடோணும். ஆறு மாசத்துல பட்டியல் போடுவம்.”

“எனக்குப் பரீட்சைக்கு இன்னும் ஆறு கிழமை சேர். பஸ்ஸில வந்தா எண்பது நிக்காது.”

நல்லரத்தினம் அடுப்படியைப் பார்த்தார். தனுஷியாவுக்கு அழுகை வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த ஆளைச் சும்மா விட அவளுக்குத் தெரியாது. பிட்டும் இறால் கறியும் தட்டில் போட்டுக் கொடுத்தாள். வெளியே நின்ற இமெல்டாவுக்கு யன்னலால் ஒரு தட்டு நீட்டினாள். நல்லரத்தினம் ஒரு வாய் வைத்தார். பிறகு கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டு, வாவியைப் பார்த்தபடி சாப்பிட்டார். விடுதியில் காற்று வரும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் கை கழுவும்வரை காத்திருந்து, மதுரன் ஒன்று கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“திறந்தாப்பொறகு எனக்கு வேலை இல்ல சேர். என்ட பதவி திறப்புக்கு முந்தினது. உங்களுக்கு என்ன செய்வாங்க?”

நல்லரத்தினம் துடைத்த கையையே துவாயில் மறுபடியும் துடைத்தார். நான்கு வருடத்தில் எத்தனையோ சுற்றறிக்கை எழுதியவர், இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. திறக்க வேறு கட்டடம் இல்லை.

“இமெல்டா,” என்று யன்னலால் கூப்பிட்டார். “கொப்பி வச்சிரிக்கிறீங்களா? ஒரு கடிதம் எழுதுங்க. காரியாலயத்துக்குப் போய்த் தட்டலாம்.”

“சொல்லுங்க சேர்.” அவள் இறாலை வாய்க்குள் போட்டுக்கொண்டு பேனையை எடுத்தாள்.

“மாண்புமிகு பிரதம அதிதி அவர்களுக்கு. தங்களுடைய திறப்புவிழா இங்கு ஏற்கனவே மிகச் சிறப்பாக நடைபெற்றுக்கொண்டிருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம். இந்த நிலையில் தாங்கள் நேரில் வருவீர்களாயின் விழா முடிந்துவிடும் அபாயம் உள்ளது.”

“அபாயம் எண்டா எழுதுற சேர்?”

“வேற என்னெண்டு சொல்லுற?”

“வாய்ப்பு எண்டு போடலாம்.”

“இல்ல. அபாயம்தான். எழுதுங்க.”

அவர் யன்னலில் ஒரு காலை வெளியே போட்டார். மதுரன் ஒரு பக்கமும் தனுஷியா ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். பாதி உள்ளும் பாதி வெளியுமாக நின்று, நல்லரத்தினம் திரும்பித் தனுஷியாவைப் பார்த்தார்.

“புள்ள, இந்தப் பரீட்சை பாஸ் பண்ணினா மேல படிக்கிற மாதிரி ஒண்டும் இல்லையா?”

“உயர் டிப்ளோமா இரிக்கு சேர். ரெண்டு வருசம்.”

“படிக்கிறதுதானே. படிப்ப இடையில விடப்படாது,” என்றார். பிறகு கீழே குனிந்து சொன்னார்: “இமெல்டா, விளக்குக்கு எண்ணெய் ரெண்டு வருசத்துக்குச் சேத்து ஓடர் போட்டிருங்க.”